வெளிச்சத்துக்கு எர்த் கிடையாது

மன்னார்குடி துணைமின் நிலையக் குவார்ட்டர்ஸில்
என் ஸ்டீரியோவுக்கு ஒரு சீக்கு.
லேப்டாப்பைச் சொருகினால் முனகும்.
ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே,
ஆனால் பாதாளத்தில்.
விநாடிக்கு ஐம்பது.
எனக்குச் சம்பளமே அந்த ஐம்பதுக்குத்தான்.
நாற்பத்தொன்பதரைக்கு இறங்கினால்
நடு ராத்திரியில் போன் வரும்.

ஆம்ப் கூத்தாநல்லூரில் வாங்கியது,
சிங்கப்பூர்ச் சாமான்.
விற்ற ஹபீப் நிஸா முன்கூட்டியே சொன்னார்:
"பின்னாடி நெறைய ஓட்டை இருக்கும்மா.
ரெண்டுல நாங்க எதையுமே சொருகினதில்ல."
அந்த இரண்டும்தான்.
ஆரஞ்சு வளையம் போட்ட வட்டத் துளை ஒன்று.
குட்டிக் கதவு வைத்த சதுரத் துளை ஒன்று.

சித்திரை. ஆற்றில் மணல்தான்.
ராத்திரி பதினொன்றுக்கு மும்முனை விடுவோம்.
வடுவூர்ப் பக்கம் போர் மோட்டார்கள் ஒன்றாய் முழித்துக்கொள்ளும்,
குறுவை நாற்றங்கால் குடிக்கத் தொடங்கும்,
என் ஸ்பீக்கரில் முனகல் தடிக்கும்.

ஒரு ஞாயிறு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.
சமையலறை எர்த் குழி
பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது.
வாசல் பக்கத்துக் குழி
களிமண் வெடித்து வாய் பிளந்திருக்கிறது.
இரண்டு மண்ணுக்கும் ஒரு வோல்ட் பகை.
நடுவில் நான் ஒரு கம்பியைப் போட்டால்
அதன் வழியே ஏசிக்கொள்கின்றன.

கும்பகோணம் கடையில்
நிவேதன் என்கிற பையன் மூன்று டப்பாக்களைப் பரப்பினான்.
தீப்பெட்டி அளவு. விலை ஒரு மூட்டை பொன்னிக்கு மேல்.
"இது காப்பர் அவுட் மட்டும் மேடம், நூத்தித் தொண்ணூத்திரண்டு வரைக்கும் போகும்.
தங்க முலாம்.
ஆப்டிக்கல்னா தொண்ணூத்தாறோட நின்னுரும்."
நின்றால் நிற்கட்டும்.
"உள்ள வர்ற எர்த் வெளிய போகுமா?"
அவன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.
அவனுக்குப் பிட் தெரியும், ஹெர்ட்ஸ் தெரியும்.
மண்ணை யாரும் அவனிடம் கேட்டதில்லை போல.

தாமிரம் விசுவாசமானது.
கொடுத்ததையெல்லாம் கொண்டுபோகும்,
பாட்டையும், கூடவே சண்டையையும்.
வெளிச்சத்துக்கு எர்த் கிடையாது.
இரண்டு துளையும் உள்ள டப்பாவை வாங்கினேன்.
ஒரு வேளை மனசு மாறினால் என்று.

வீட்டில் கேபிளின் மூடியைக் கழற்றினேன்.
நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு.
உள்ளங்கையில் பிடித்தால் சூடில்லை, எடையில்லை.
இதற்குள்தான் தவில் இருக்கிறது என்றால்
அற்புதராஜ் நம்பமாட்டார்.
சதுரத் துளையின் கதவு
முதன்முதலாக உள்ளே மடங்கியது.

மௌனம்.
பல்லி நகர்வது கேட்டது.

எங்கள் லைன்மேன் அற்புதராஜ் பதிந்து தந்த ஃபைலைப் போட்டேன்,
பங்குனித் தேரன்று மூலைத் தெருவில் கம்பி கழற்றப் போனவர்
சட்டைப் பையில் போனை ஓடவிட்டு மறந்துபோனது.
சீவாளி நனைக்கும் உதடு. யாரோ வெற்றிலை துப்புகிறார்.
அடியில்
மறுபடி ஒரு முனகல்.

தூக்கிவாரிப்போட்டது. நாலாயிரத்து எழுநூறு ரூபாய்!
பிறகு காதைக் கொடுத்தேன்.
இது ஐம்பது இல்லை, நூறு. ஒரு ஸ்தாயி மேலே.
தெருமுனை டிரான்ஸ்பார்மர்.
பதிவுக்குள்ளேயே இருக்கிறது.
இதற்கு எந்த டப்பாவும் வழி செய்யாது.

நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
அற்புதராஜ் கத்துகிறார்:
"மேடம், தேர் வந்துருச்சு, ஆஃப் பண்ணிருங்க!"
ஒரு மூச்சு இடைவெளி.
முனகல் அறுகிறது.
அதில் விழுகிறது தவிலின் முதல் அடி,
தொப்பிப் பக்கம், தனியாக.

அன்றைக்கு நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன்.
பிரேக்கரைத் திறந்தேன், நேரத்தை லாக் புக்கில் எழுதினேன்,
ஆறிய டீயைக் குடித்தேன்.

திருப்பி ஓட்டி இன்னொரு தடவை கேட்டேன்,
அந்த ஒரு மூச்சை மட்டும்.
பதினொன்று தாண்டியிருந்தது.
மும்முனை போயிருக்கும்.
போயிற்றா என்று
போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.